கிறிஸ்தவப் பாட்டு எழுதி ஆல்பம் போட நினைப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாடு-கேரள எல்லையில், களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை நடத்துகிறேன், பாட்டும் எழுதுகிறேன். இங்கே வரும் இளைஞர்களும் பாடகர் குழுத் தலைவர்களும், சில நேரம் அந்த இளைஞர்களின் தகப்பனார்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவற்றை எழுதிவைத்துவிட்டால் வருகிறவர்களுக்கும் எனக்கும் நேரம் மிச்சம். சிலவற்றுக்கு நீண்ட பதில், சிலவற்றுக்கு நாலே வரி.

பாடலாசிரியர், இசையமைப்பாளர், தயாரிப்பாளர்: மூவரும் வேறு வேறா?

வேலை வேறு. எங்கள் பக்கத்தில் ஆள் பெரும்பாலும் ஒருவரே. வரி எழுதுகிறவர் பாடலாசிரியர், மெட்டுப் போடுகிறவர் இசையமைப்பாளர். எந்தக் கட்டையில் (சுருதியில்) பாடுவது, எந்த வேகம், யார் குரல், எந்த வாத்தியத்தை நேரில் வாசிக்கச் சொல்வது, எதைக் கீபோர்டில் புரோகிராமிங் செய்வது, பதிந்த ஒலிகளைக் கலக்கும் மிக்ஸிங்கில் எதை முன்னே நிறுத்துவது என்று முடிவெடுத்து, பதிவை ஆரம்பம் முதல் கடைசிவரை நடத்தி முடிக்கிறவர் இசைத் தயாரிப்பாளர். சினிமாப் பழக்கத்தில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர் என்று எண்ணிக்கொண்டு வருகிறார்கள். இங்கே பணம் போடுகிறவரை ‘ஆல்பம் போடுகிறவர்’ என்றுதான் சொல்வோம். அவர் ஒரு போதகராகவோ, வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவராகவோ, பிள்ளையின் குரலில் நம்பிக்கை வைத்த தாயாராகவோ இருப்பார்.

இதைவிட முக்கியமான பிரிவு ஒன்று உண்டு. பாட்டு வேறு, பதிவு வேறு. வரியும் மெட்டும் சேர்ந்தது பாட்டு. அதை ஒருவர் பாடி, பதிந்து, வெளியிட்ட ஒலி பதிவு. ஒரே பாட்டுக்கு எத்தனை பதிவும் இருக்கலாம். உரிமையும் வருமானமும் இரண்டுக்கும் தனித்தனி. இந்தத் தொழிலில் நான் பார்த்த மனக்கசப்புகளில் பெரும்பாலானவை இரண்டையும் ஒன்றென்று நினைத்ததால் வந்தவை. கீழே உள்ள பதில்களில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

எல்லைப் பகுதியில் இந்த வேலைக்கு அப்படி என்ன தனித்தன்மை?

மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்கு வந்து, மயிலாடியில் லண்டன் மிஷனின் பணி வேர்விட்ட காலத்திலிருந்து, தமிழ்க் கீர்த்தனையும் ஐரோப்பிய ஞானப்பாட்டும் இங்கே ஒரே கூரைக்குக் கீழே பாடப்பட்டு வருகின்றன. அப்போது நாகர்கோவிலும் நெய்யாற்றின்கரையும் ஒரே சமஸ்தானம். நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் பிறந்த மோச வத்ஸலம் சாஸ்திரியார் மலையாளத்தில் எழுதிய கீர்த்தனைகளை இன்றும் கேரள சபைகள் பாடுகின்றன. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டுப் பக்கம் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு கிழித்தது அரசாங்கம். பாட்டுப் புத்தகத்தில் அந்தக் கோடு விழவில்லை. பாறசாலைப் பக்கம் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்து, ஞாயிற்றுக்கிழமை இரண்டிலும் பாடுகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

இன்னொன்று, ஒரே சாலையில் எத்தனை மரபுகள் என்று பாருங்கள். தென்னிந்தியத் திருச்சபையின் இரண்டு பேராயங்கள், நெய்யாற்றின்கரை இலத்தீன் மறைமாவட்டம், மார்த்தாண்டம் மலங்கரை மறைமாவட்டம் (இவை இரண்டும் 1996இல் அமைந்தவை), 2014இல் அமைந்த குழித்துறை மறைமாவட்டம், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே சபைகள். அரை மணி நேர பஸ் பயணத்துக்குள் ஆர்கன், பித்தளைக் குழல் வாத்தியங்கள், தபேலா, டிரம்ஸ் எல்லாம் கேட்கும். பாட்டு எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. வாடிக்கையாளரும் இங்கேதான்.

பாறசாலைப் பக்கத்தை விட்டால் கேரளத்தில் தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டுக்கு வேறு ஊர் உண்டா?

உண்டு. மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் தமிழ் ஆராதனை தலைமுறைகளாக நடக்கிறது. பாலக்காட்டில் சித்தூர், கொழிஞ்ஞாம்பாறைப் பக்கம் தமிழ்க் கத்தோலிக்கர்கள் அதிகம். அவர்களையும் மனதில் வைத்தே 2013இல் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவானது. தோட்டத்துச் சபைகளிலிருந்து வரும் பாடகர்களிடம் ஒரு தாளக்கட்டு இருக்கிறது. சொல்லிக்கொடுத்து வருவதல்ல அது.

முறையாக இசை படித்திருக்க வேண்டுமா?

படித்தால் வேலை சுலபம். திருவனந்தபுரத்தில் 1939இல் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி இருக்கிறது. அதன் முதல் முதல்வர் நம் திருநெல்வேலிச் சீமையின் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். பாலக்காட்டில் செம்பை நினைவு அரசு இசைக் கல்லூரி. கீபோர்டுக்கும் கிட்டாருக்கும் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வு எழுதுகிறவர்கள் நிறைய.

ஆனால் என்னைக் கேட்டால் முதலில் பாடகர் குழுவில் சேருங்கள் என்பேன். சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரலில் நின்று, ‘டோ ரே மி’ எழுத்து முறையைப் பார்த்துப் பாடிப் பழகியவருக்கு, மெட்டுக்கு அடியில் என்ன நடக்கிறது என்பது காதிலேயே பதிந்துவிடுகிறது. ஆல்ட்டோவில் நின்றவர்கள் நல்ல இசையமைப்பாளர்களாக வருவதைப் பார்க்கிறேன். எப்போதும் மெட்டுக்குத் துணையாக இன்னொரு வரியைப் பாடிப் பழகியவர்கள் அவர்கள்.

சபை முழுவதும் பாடக்கூடிய பாட்டை எழுதுவது எப்படி?

தனிப்பாட்டுக்கும் சபைப் பாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் வருகிறவர்களே அதிகம். நல்ல பாடகரை வைத்துப் பதிந்த பாட்டு யூடியூபில் நன்றாக ஓடும். ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்பவர் மட்டும் பாடிக்கொண்டிருப்பார், மற்றவர்கள் கைதட்டிக்கொண்டு நிற்பார்கள்.

முதலில் சுருதி. பெண் குரலுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை, ஆண் குரலுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை என்பது கச்சேரிப் பழக்கம். சபையில் ஆணும் பெண்ணும், பேரனும் பாட்டியும் ஒரே நேரத்தில் ஒரே மெட்டைப் பாட வேண்டும். மெட்டின் கீழ்ச்சுரத்துக்கும் மேல்சுரத்துக்கும் நடுவே ஒரு ஸ்தாயி (ச முதல் மேல் ச வரை), மிஞ்சினால் இன்னும் ஒன்றிரண்டு சுரம். அதற்குமேல் போனால் பாதிப் பேர் வாயை மட்டும் அசைப்பார்கள்.

அடுத்தது மூச்சு. ஆராதனையின்போது பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசைக்கு அருகில் நின்று கவனியுங்கள். அங்கே வயதானவர்கள் நிற்பார்கள். வரி நீளமாக இருந்தால் அவர்கள் நடுவில் மூச்சு வாங்குவார்கள், அந்த இடத்தில் ஒரு சொல் விழுந்துவிடும். பிறகு எல்லா வாரமும் அந்தச் சொல் விழும். கொஞ்ச காலத்தில் அந்தச் சபையில் அந்தச் சொல் இல்லாமலேயே பாட்டு நிலைத்துவிடும். நான் எழுதும்போது அந்த வரிசைக்காகவே வரியை வெட்டுகிறேன்.

மூன்றாவது, உச்சச் சுரத்தில் எந்த எழுத்து விழுகிறது என்பது. ஓர் உதாரணம். ஒரு பையன் கொண்டுவந்த பல்லவி: ‘நதிபோல் வருமே உம் கிருபை’. மெட்டு நன்றாக இருந்தது. ஆனால் உச்சம் ‘ந’வில் விழுந்தது. குறில், இழுத்தால் ‘நாதி’ என்று கேட்கும், இழுக்காவிட்டால் மெட்டு நிற்காது. ‘ஆறாய் வருமே உம் கிருபை’ என்று மாற்றினோம். ‘ஆ’ என்றதும் வாய் திறக்கிறது, குரல் தானாக மேலே போகிறது. பொருள் அப்படியே இருக்கிறது. தமிழில் குறில் நெடிலைக் கவனிக்காமல் போட்ட மெட்டை எந்தப் பாடகராலும் காப்பாற்ற முடியாது. ‘ற்ற’, ‘ட்ட’ போன்ற வல்லின இரட்டைகளை நீட்டும் இடத்தில் வைக்காதீர்கள். தாளம் வெட்டும் இடத்தில் வைத்தால் அவையே அழகு.

அமைப்பைப் பற்றி எனக்குப் பிடிவாதம் இல்லை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கீர்த்தனைக் கட்டும் இருக்கட்டும். இப்போது வரும் வெர்ஸ், கோரஸ், பிரிட்ஜ் கட்டும் இருக்கட்டும். ஒரே வரியைப் பதினாறு தடவை திரும்பப் பாடுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்கு எழுத்துக்கூலி கேட்கிறார்கள் என்பது வேறு.

எல்லாச் சபைக்கும் ஒரே சொற்கள் ஒத்துவருமா?

ஒத்துவராது. தென்னிந்தியத் திருச்சபையில் கர்த்தர், தேவன், பரிசுத்த ஆவி என்பார்கள். கத்தோலிக்கர் ஆண்டவர், இறைவன், தூய ஆவி என்பார்கள். ஒரு சொல்லை வைத்தே எந்தக் கோயிலின் பாட்டு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். திருப்பலிக்கு எழுதினால் அது வருகைப் பாடலா, காணிக்கைப் பாடலா, திருவிருந்துப் பாடலா, நன்றிப் பாடலா என்று முதலிலேயே கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரமும் நடையும் வேறு. காணிக்கைப் பாட்டில் பீடத்தில் வேலை முடிந்ததும் எந்தச் சரணத்திலும் நிறுத்த முடிய வேண்டும். எல்லாச் சபைக்கும் பொதுவாக எழுத நினைத்தால் ‘இயேசு’ என்ற பெயரையே நம்புங்கள். அதில் யாருக்கும் சண்டை இல்லை.

ஒரே மெட்டில் தமிழும் மலையாளமும் வெளியிடலாமா?

எல்லையில் இது அன்றாட வேலை. பெரும்பாலும் அவசரத்தில் கெடுகிற வேலையும் இதுதான். தமிழ்ப் பாட்டில் நாம் தந்தீர், வந்தீர், மீட்டீர் என்று வினைமுற்றிலேயே கடைசி ஓசையைப் பொருத்திவிடுகிறோம். மலையாள வினைச்சொல்லில் அந்த ‘ஈர்’ கிடையாது. நான் தந்தாலும் நீர் தந்தாலும் ‘தந்நு’தான். ஆகவே தமிழில் கடைசி ஓசையை நம்பிக் கட்டிய பாட்டு மலையாளத்தில் சரிந்துவிடும். இரண்டு மொழிக்கும் எழுதப்போகிறோம் என்று தெரிந்தால் எதுகையில் கட்டுங்கள். இரண்டாம் எழுத்துப் பொருத்தம் மலையாளக் கவிதைக்கும் பழக்கமானது. அது எல்லை தாண்டும்.

மலையாளத்தில் வடமொழிக் கூட்டெழுத்துகள் கூடுதலாக வரும். அவற்றுக்கு மெட்டில் ஒரு சுரம் இடம் விட்டிருக்க வேண்டும். வரிக்கு வரி பெயர்க்க வேண்டாம். மெட்டைப் பாடிக்காட்டி, கருத்தைச் சொல்லி, மலையாளத்தில் எழுதுகிறவரிடம் விட்டுவிடுங்கள். அந்த வரிகள் அவருடையவை. பெயரும் பங்கும் அவருக்கு உண்டு. மொழிபெயர்ப்புதானே என்று பெயரைப் போடாமல் விடும் பழக்கம் இங்கே நிறைய இருக்கிறது, அது அநியாயம்.

பழைய கீர்த்தனையை எடுத்துப் புதிதாக இசையமைத்து வெளியிட அனுமதி வேண்டுமா?

எழுதியவர் இறந்த ஆண்டைப் பாருங்கள். இந்தியச் சட்டப்படி அவர் வாழ்நாளும், இறந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் பதிப்புரிமை நிற்கும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1864இல் காலமானார். அவருடைய வரிகள் எல்லோருக்கும் பொது. 1970இல் இறந்த ஒருவருடைய பாட்டு 2030 டிசம்பர் 31 வரை அவருடைய வாரிசுகளுக்கு உரியது.

சிக்கல் பாட்டின் அடுக்குகளில் இருக்கிறது. ஐரோப்பிய ஞானப்பாட்டு என்றால் மெட்டு ஒருவர், ஆங்கில வரி ஒருவர், தமிழாக்கம் இன்னொருவர். முதல் இருவரும் எப்போதோ போயிருப்பார்கள், தமிழாக்கியவர் நேற்றைய மனிதராக இருக்கலாம். அதேபோல, பழைய கீர்த்தனைக்கு அண்மைக் காலத்தில் யாரோ போட்ட மெட்டு ‘பழைய மெட்டு’ ஆகிவிடாது. பாட்டுப் புத்தகத்தில் ராகமும் தாளமும் மட்டும்தான் இருக்கும். நீங்கள் சிறு வயதிலிருந்து கேட்ட மெட்டு எங்கிருந்து வந்தது என்று சபையின் பெரியவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

பொதுச் சொத்தான பாட்டை நீங்களே பாடிப் பதிந்தாலும், யூடியூபின் தானியங்கிக் கருவி இன்னொரு பதிவோடு பொருத்திப் பார்த்து உரிமைக் கோரிக்கை வைக்கலாம். பதறாதீர்கள். பாட்டு பொது, பதிவு என்னுடையது என்று ஆட்சேபம் எழுதலாம். அதற்கு உங்கள் மூலக் கோப்புகள் கையில் இருக்க வேண்டும்.

ஒரு பாட்டின் ஒலிப்பதிவு எப்படி நடக்கும்?

போனில் பாடி அனுப்பிய மெட்டிலிருந்து தொடங்கும். கட்டையும் வேகமும் முடிவானதும் தாளம் காட்டும் மெட்ரோனோம் போட்டு ஒரு கச்சா டிராக். அதன்மேல் புரோகிராமிங். பிறகு நேரில் வாசிக்கும் வாத்தியங்கள்: புல்லாங்குழல், தபேலா, வயலின், கிட்டார். பணம் குறைவாக இருந்தால் எதை நேரில் வாசிக்கச் சொல்வது என்று கேட்பார்கள். காற்று வாத்தியத்தை என்பேன். கணினியில் தபேலா ஓரளவு ஏமாற்றும், புல்லாங்குழல் ஏமாற்றாது.

வழிகாட்டியாக டிராக் பாடகர் ஒருவர் பாடிவைத்த பிறகு முக்கியக் குரல். கோரஸுக்குப் பெரிய பாடகர் குழுவை அழைக்க முடியாதபோது நான்கு பேரை வைத்து, இடம் மாற்றி நிறுத்தி, திரும்பத் திரும்பப் பாடவைத்து அடுக்குகிறோம். ஜூன் மாதத்தில் குரல் பதிவு வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் இறங்கும் நேரம் அது. என்னதான் அடைத்தாலும் கூரையில் விழும் மழையை மைக் கேட்டுவிடுகிறது.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவது வழக்கம். கடைசிக் கட்டமான மாஸ்டரிங்கில் சத்தத்தைத் தள்ளிக்கொண்டே போகாதீர்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துவிடும். கத்தவைத்த பாட்டு அங்கே போய் அடங்கி, தட்டையாகத்தான் கேட்கும். வேலை முடிந்ததும் கரோக்கி டிராக்கையும் தனித்தனி வாத்தியக் கோப்புகளையும் கேட்டு வாங்குங்கள். கரோக்கி இல்லாத பாட்டை இப்போது எந்தச் சபையின் இளைஞர் குழுவும் எடுப்பதில்லை.

வேலை எப்போது வரும்?

சபை நாட்காட்டியே எங்கள் நாட்காட்டி. ஆகஸ்ட், செப்டம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டுகள் தொடங்கும். டிசம்பரில் வந்து ‘கீத பவனிக்கு ஒரு பாட்டு வேண்டும்’ என்றால் யாராலும் செய்ய முடியாது. நவம்பரிலும் டிசம்பரிலும் புத்தாண்டு வாக்குத்தத்தப் பாட்டு. போதகர் தெரிந்தெடுத்த வசனத்தை ரகசியமாகக் கொண்டுவருவார். ஜனவரி முதல் தேதி நள்ளிரவு ஆராதனையில் வெளிவர வேண்டும். அதன்பிறகு ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலப் பாட்டுகள், பிறகு கோடை விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு அசைவுப் பாட்டுகள். இவற்றுக்கு நடுவே கேரளப் பக்கத்துத் திருமணங்களுக்குப் பாடகர் குழு. மாதாந்தர வாடகை பெரும்பாலும் அந்தத் திருமணங்களிலிருந்துதான் வருகிறது.

‘ஊழியத்துக்குத்தானே’ என்று சொல்லும்போது கூலியும் ஒப்பந்தமும் கேட்பது சரியா?

சரிதான். ‘தம்பி, கர்த்தருக்குச் செய்கிறதுக்குக் கணக்குப் பார்ப்பீர்களா?’ என்று ஒரு பெரியவர் கேட்டார். ‘ஐயா, தபேலாக்காரருக்கும் கரண்டு பில்லுக்கும் நான் கணக்குக் கொடுக்க வேண்டுமே’ என்றேன். சிரித்துவிட்டு முன்பணம் கொடுத்தார். பாட்டு எழுதியவருக்கு வெற்றிலை பாக்கு போல ஒரு கவரில் எதையோ வைத்துக் கொடுப்பது இங்கே வழக்கம். கவரை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கவர் ஒப்பந்தம் ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டால் பேச்சு சுலபமாகும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வரிக்கு எழுதியவரும் மெட்டுக்கு இசையமைத்தவரும் உரிமையாளர்கள். பதிவுக்கு உரிமையாளர் ‘தயாரிப்பாளர்’. ஆனால் சட்டத்தின் கணக்கில் தயாரிப்பாளர் என்பவர், அந்தப் பதிவை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர். இரவெல்லாம் உட்கார்ந்து புரோகிராமிங்கும் மிக்ஸிங்கும் செய்தவர் என்பதால் மட்டும் பதிவு உங்களுடையதாகிவிடாது. ஆல்பம் போடுகிறவர் பணமும் பொறுப்பும் ஏற்றிருந்தால் பதிவு அவருடையதாகலாம். எழுதிய பாட்டு அப்போதும் உங்களுடையது. முதல் பதிலில் சொன்ன பிரிவு இங்கேதான் பயன்படுகிறது. ‘பணம் கொடுத்தேன், எல்லாம் என்னுடையது’ என்று அவரும், ‘நான்தான் எல்லாம் செய்தேன், எல்லாம் என்னுடையது’ என்று இவரும் நிற்பார்கள். இருவர் சொல்வதும் பாதிதான் சரி.

உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் எழுதுகிறவர்களுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு: உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டாலும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை உங்களால் விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே மாற்றலாம். ‘எதிர்கால ராயல்டி எதையும் கோரமாட்டேன்’ என்ற வரியோடு யாராவது முத்திரைத்தாளை நீட்டினால், அந்த வரி செல்லாது என்று மரியாதையாகச் சொல்லலாம்.

ஒரு பக்கம் போதும். பாட்டின் தலைப்பு, யார் வரி, யார் மெட்டு, பதிவு யாருக்கு, எவ்வளவு தொகை, எப்போது, யூடியூப் வருமானம் யார் கணக்குக்கு, பெயர் எப்படிப் போடுவது. இதைத் தமிழிலேயே எழுதலாம்.

என் பாட்டைச் சபைகள் பாடினால் ராயல்டி வருமா?

வராது. உண்மையான மதச் சடங்கில் பாட்டைப் பாடுவதும் ஒலிக்கச்செய்வதும் மீறல் அல்ல என்று சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. திருமண ஊர்வலமும் அதில் அடங்கும். அமெரிக்காவில் 1988இல் தொடங்கிய சிசிஎல்ஐ என்ற அமைப்பின் வழியாக, சபைகள் பாட்டு வரிகளை அச்சடிக்கவும் திரையில் காட்டவும் உரிமக் கட்டணம் செலுத்துகின்றன; எழுதியவர்களுக்குப் பங்கு போகிறது. அதை எண்ணிக்கொண்டு நம் பக்கத்தில் யாரும் வீட்டுக் கடன் வாங்கிவிடாதீர்கள். இங்கே சபை தருவது வேறொன்று. சபை பாடாத கிறிஸ்தவப் பாட்டு இரண்டு ஆண்டில் மறைந்துவிடும். சபை பாடுகிற பாட்டைத்தான் அடுத்த ஆல்பத்துக்காரர் தேடி வருவார்.

டிக்கெட் வைத்து நடக்கும் இசை நிகழ்ச்சி, வானொலி, தொலைக்காட்சி, இணையதளங்கள் வேறு கணக்கு. அங்கே ராயல்டி உண்டு.

அதைப் பெற எங்கே சேர வேண்டும்?

பாட்டுக்கு ஐபிஆர்எஸ். 1969இல் தொடங்கிய பதிப்புரிமைச் சங்கம், தலைமையிடம் மும்பை. வரி எழுதுகிறவரும் இசையமைப்பவரும் தனித்தனியாக உறுப்பினராகலாம். சேர்ந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் யாருக்கு எத்தனை பங்கு என்று குறித்துப் பதிவுசெய்ய வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் ‘ஒன்றும் வரவில்லை’ என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி எண். பன்னிரண்டு எழுத்தும் இலக்கமும் கொண்ட அடையாளம் அது. ஒவ்வொரு பதிவுக்கும் தனி. தமிழ்ப் பதிவுக்கு ஒன்று, மலையாளப் பதிவுக்கு ஒன்று, கரோக்கிக்கு இன்னொன்று. இணையத்தில் வெளியிட்டுத் தரும் விநியோக நிறுவனங்களே இதைக் கொடுத்துவிடும்.

யூடியூபில் விளம்பர வருமானம் பெற 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் (ஷார்ட்ஸ் என்ற குறுங்காணொளிகளுக்கு வேறு அளவு). புதிதாகச் சேனல் தொடங்கி ஒரே பாட்டைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதைவிட, நடந்துகொண்டிருக்கும் சபைச் சேனலில் உங்கள் பெயரோடு வெளியிடுவது பல நேரம் நல்லது. ஆனால் மேலே சொன்ன ஒரு பக்கக் காகிதம் முதலில்.

கணினியே பாட்டு எழுதி, பாடியும் தருகிறதே?

தருகிறது. டெமோ கேட்டுப் பார்க்கச் சரி. அப்படிச் செய்த பாட்டுகள் சில என்னிடம் மிக்ஸிங்குக்கு வந்தன. எல்லாவற்றிலும் அன்பும் பண்பும், ஒளியும் வழியும் ஓசைப் பொருத்தமாக வந்து நின்றன. மனிதர்களும் அப்படித்தானே எழுதுகிறார்கள் என்று நீங்கள் கேட்டால் எனக்குப் பதில் இல்லை.

பெண்கள் ஏன் பாடகர்களாக மட்டும் இருக்கிறார்கள்?

வேலை நேரம் ஒரு காரணம். பதிவுகள் இரவில் நடக்கின்றன, வீட்டில் அனுமதிப்பதில்லை. மிக்ஸிங் மேசை ஆண்களுக்கு என்ற நினைப்பு இன்னொரு காரணம். பகல் நேரப் பதிவு வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்கிறது. நான்கு குரலும் காதில் தெளிவாகக் கேட்கும் பெண்கள் எல்லாப் பாடகர் குழுவிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் யாராவது மென்பொருளைத் திறந்து காட்டினால் போதும்.

முழுநேரத் தொழிலாக வைத்துப் பிழைக்க முடியுமா?

பாட்டு எழுதுவதை மட்டும் வைத்து, கடினம். எழுதுதல், இசையமைத்தல், பதிவு, கீபோர்டு வகுப்பு, திருமணப் பாடகர் குழு எல்லாம் சேர்ந்தால் முடியும். எனக்குத் தெரிந்த பலர் பகலில் பள்ளி ஆசிரியர்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. மாதச் சம்பளம் இருக்கிறவர்தான் பிடிக்காத வரியை மாற்றமாட்டேன் என்று துணிந்து சொல்கிறார்.

முதல் பாட்டோடு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

வாத்தியம் எதுவும் வேண்டாம். போனில், கைதட்டித் தாளம் வைத்துப் பாடிய பதிவு ஒன்று. வரிகளைத் தட்டச்சு செய்து, அடியில் யார் வரி, யார் மெட்டு என்று எழுதிய தாள். எந்தச் சபைக்கு, எந்த நாளுக்கு என்ற தகவல். பாடப்போகிறவர் வேறொருவர் என்றால் அவரையும் அழைத்து வாருங்கள். கட்டையை அவர் குரலைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய முடியும். ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை கூடம் திறக்காது.